பச்சைக் கோடு நகரும்வரை

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் நாச்சிமுத்துவின் லேப்டாப் ஒரு வாரமாக நொண்டியடித்தது. ப்ராசசர் அடிமட்ட வேகத்திலேயே நின்றுவிட்டது. வீடியோ எவ்வளவு தயாராகியிருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் ஊர்ந்து முடிப்பதற்குள் மணப்பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் போலிருந்தது. முதல் நாள் திட்டித் தீர்த்தார்.

"ஏனுங்க, அது நகர்றதுக்குள்ள ஒரு ஆட்டம் போட்டுரலாம், வாங்க," என்றாள் மனைவி ருக்மணி.

வேறு வழியில்லாமல் தரையில் அவள் எதிரே தாயம் ஆட உட்கார்ந்தார். தோற்றார். மறுநாள் அவராகவே போய் உட்கார்ந்தார்.

இன்றைக்கு ஆட்டத்தின் நடுவே லேப்டாப் மெக்கானிக் போனில் கூப்பிட்டார்.

"சார்ஜரைப் பாருங்ணா. பழைய லேப்டாப்போட சின்ன சார்ஜரை மாட்டியிருந்தா ப்ராசசர் வேகமே எடுக்காது."

எழுந்துபோய்ப் பார்த்தார். மாட்டியிருந்தது பழையதுதான். போனைக் காதில் வைத்தபடியே மேசை, அலமாரி என்று தேடியவர், ருக்மணியின் தையல் கூடையைத் திறந்தார். நூல்கண்டுகளுக்கு அடியில், பழைய சேலைத் துணியில் கைக்குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்தது புது சார்ஜர்.

திரும்பினார். ருக்மணி தாயக்கட்டைகளை உள்ளங்கையில் பொத்தியபடி, தரையில் போட்டிருந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் துணியைச் சார்ஜர் மேல் மறுபடி இழுத்துவிட்டுக் கூடையை மூடினார்.

"சரியான சார்ஜர்தான் தம்பி மாட்டியிருக்கு," என்றார் போனில். "வேற என்னமோ கோளாறு. அவசரமில்ல, மெதுவா வந்து பாரு."

பிறகு அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உன்ற ஆட்டந்தான். உருட்டு."