செவ்வந்தி ஒரு தடவைதான் சொல்வாள்

செவ்வந்தி எங்கள் பயிற்சிக்காகச் செய்த பேசும் பொம்மைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை மாதிரி மூச்சுவிடும், நகம் கடிக்கும். வீட்டில் தனக்கு நடந்ததை ஒரே ஒரு தடவைதான் சொல்லும். எத்தனை பேர் கேட்டாலும் திரும்பச் சொல்லாது. அதனால் டாக்டர் இம்மானுவேல், குழந்தைகள் நலப் பிரிவு பர்வீன், சப்-இன்ஸ்பெக்டரான நான், மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பயிற்சியே அதுதான்.

பன்னிரண்டு நிமிடம் சொன்னாள். நான் தேதியையும் ஆளையும் குறித்துக்கொண்டேன். டாக்டர் காயங்களைக் குறித்தார். பர்வீன் அவளை எங்கே தங்கவைப்பது என்று பார்த்தார். மூன்றையும் சேர்த்து எழுதிய அறிக்கையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"முதல் தடவையிலேயே பாஸ் சார்," என்றேன் டாக்டரிடம்.

கிளம்பும்போது செவ்வந்தி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்போ நான் சொன்ன தங்கச்சிய எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பர்வீனைப் பார்த்தார்.

"தங்கச்சியா? எப்பம்மா சொன்ன?" என்றார் பர்வீன்.

செவ்வந்தி கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பொம்மைக்கு ஏது தங்கை? அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் வராந்தாவுக்கு வந்து ஸ்டேஷன் ரைட்டருக்கு போன் போட்டேன்.

"போன மாசம் ஒரு பாப்பாவ மீட்டோமே, அந்த வீட்ல வேற புள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவர் கேஸ் கட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தம்பின்னு ஏதோ சொல்லுச்சு மேடம். நம்ம கேஸுக்குத் தேவைப்படல, எழுதல."