தங்கைக்கு ஒரு விளக்கு

“தங்கச்சி படியில உருள்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க சார். போன கூட்டத்துல மூக்கைச் சிந்தாத ஆளே இல்லை” என்று மேடை ஓரத்தில் கிசுகிசுத்தாள், விளம்பரத்தைக் கவனிக்கும் பெண்.

இரவு விளக்கு கம்பெனி முதலாளி தலையாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். தண்ணீர் குடிக்க இருட்டில் எழுந்த ஆறு வயதுத் தங்கை, மாடிப்படி, ஒரு சத்தம்.

“இன்னொரு வீட்ல இப்படி நடக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கம்பெனியே.”

அரங்கம் விசும்பியது. வழக்கம்போல எல்லா விளக்குகளையும் அணைத்தார்கள். அடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு குட்டி விளக்கை ஏற்ற வேண்டும்.

அந்த இருட்டில் ஒரு சின்னக் கை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தது.

“கூட்டத்துக்குக் கூட்டம் என்னைப் படியில தள்ளி விடுறியே அண்ணா. ரொம்ப வலிக்குது.”

விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. கைதட்டல் காதைப் பிளந்தது. அவர் தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் வந்தார்.

“மேடைக்கு எந்தக் குழந்தையை அனுப்பினே?”

“குழந்தையா? இன்னைக்குப் பெரியவங்க மட்டும்தானே சார் வந்திருக்காங்க! ஏன் முகம் இப்படி வெளிறிப் போச்சு?”

“என் தங்கச்சி... வந்தா.”

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிட்டீங்களா சார்? வீட்டுக்கு நீங்க ஒரே பிள்ளை. விளக்கு விக்கணுமேன்னு அந்தத் தங்கச்சியை நான்தானே எழுதிக் கொடுத்தேன்!”

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரலைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை.