வியாழக்கிழமைக்கு நன்றி

கரீபியன் கடலிலுள்ள கரியக்கூ தீவின் மீனவர்களுக்காக யூலாலியும் இரண்டு நண்பர்களும் சம்பளமில்லாமல் ஓர் இணையக் குழு நடத்தினார்கள். கடல் நிலவரம் சொல்லும் அந்தக் குழுவில் விளம்பரம் கிடையாது. படகுக்காரர்கள் அனுப்பும் ஐந்து, பத்து டாலர்களில்தான் அது ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பத்து டாலர் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "வியாழக்கிழமை காலையில நீங்க எச்சரிக்கை போட்டீங்க. நான் படகை எடுக்கல. பொழச்சேன். கத்பர்ட்."

அவர்கள் எந்த எச்சரிக்கையும் போட்டிருக்கவில்லை. வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

யூலாலி கரைக்குப் போய்க் கேட்டாள். படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த கத்பர்ட் சிரித்தார்.

"நானா? எனக்குப் போன்ல பேச மட்டுந்தான் தெரியும். பணம் வேணும்னா நேரா கேளேன், பொண்ணே!"

வியாழனன்று எச்சரிக்கை போடலாம் என்று அவள் சொன்னதும் நண்பன் வெண்டெல் தயங்கினான். "கடல் குளம் மாதிரி கெடக்கு. தப்பாப் போச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் நம்மள நம்ப மாட்டான்."

"ரொட்டிக் காசை எடுத்து நமக்குப் போடறாங்க, வெண்டெல். ஒரு நாள் திட்டு வாங்கினா என்ன?"

வியாழன் விடியலில் எச்சரிக்கை போட்டாள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படகுகளை மேட்டில் ஏற்றினார்கள். ஒன்பது மணிக்குக் காற்றே இல்லாமல் கடல் எழுந்தது. படகுத்துறையை மூடிவிட்டு அடங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மாலையில் கத்பர்ட் அவள் வாசலில் வந்து நின்றார்.

"போன்ல பணம் எப்படி அனுப்பறது? ரெண்டு வரி நானே எழுதணும். சொல்லிக் குடு."

யூலாலி அவர் போனை வாங்கினாள். அவருக்குப் பின்னால், சாலைத் திருப்பம் வரைக்கும் மீனவர்கள் கையில் போனோடு வரிசையில் நின்றார்கள்.