பயணத் திட்டம் ஏதுமில்லை

“உண்மையைச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம எங்கே கிளம்பறீங்க?”

மனைவி அந்தக் கடிதத்தைக் கணவனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். சலவை நிலையத்தில் பத்து மணி நேரம் நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான் அவன். ஒரு ஷூவைத்தான் கழற்றியிருந்தான். இன்னொன்று காலிலேயே நின்றுவிட்டது.

குடியேற்ற அலுவலகத்துக் கடிதம். ‘நிரந்தரமாகத் தங்குவதற்கான உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே நீங்கள் வெளிநாடு செல்லவிருப்பதாக அறிகிறோம். சென்றால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். பத்து நாள்களுக்குள் விளக்கம் தரவும்.’

“நான் எங்கேடி கிளம்பினேன்? தெருமுனை மருந்துக்கடைக்கே உன்னைக் கேட்டுட்டுத்தானே போறேன்!”

“அப்ப போன மாசம் பெட்டி எதுக்கு வாங்கினீங்க?”

“கம்பளியெல்லாம் திணிக்க இடமில்லைன்னு நீதானே பெட்டி வாங்கச் சொன்னே!”

“நான் சொன்னது அட்டைப் பெட்டி. நீங்க வாங்கினது சக்கரம் வச்ச பெட்டி.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான்கு வருடங்களாக அந்த விண்ணப்பத்துக்காக எல்லையைத் தாண்டாதவன் அவன். தங்கை கல்யாணத்தை போனில்தான் பார்த்தான். அதுவும் முக்கியமான நேரத்தில் படம் உறைந்துபோய், மாப்பிள்ளையின் இடது காதை மட்டும் இருபது நிமிடம் பார்த்தான். அப்பா போனபோதுகூடப் போகவில்லை. அந்த விண்ணப்பத்தில் அவள் பெயரும் சேர்ந்தேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அது போனால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அண்ணாவைக் கூப்பிட்டிருக்கேன். அவர் வந்து கேட்டாத்தான் நீங்க வாயைத் திறப்பீங்க” என்றாள்.

அண்ணாவுக்கு உறவுவட்டாரத்தில் ‘தூதர்’ என்று பெயர். எந்த நாடும் அவரை எங்கும் அனுப்பி வைத்ததில்லை. வார நாள்களில் பார்சல் கிடங்கில் முகவரிச் சீட்டு ஒட்டுவார். ஆனால் அந்த நாட்டு மொழி தெரியாத நம்மவர் யாருக்காவது அலுவலகத்தில் நேர்காணல் என்றால், கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு மொழிபெயர்க்கக் கிளம்பிவிடுவார். போன மாதம் தங்கை கணவனான இவனுடைய நேர்காணலுக்கும் அவர்தான் போனார்.

வந்தவர் கடிதத்தை வாசித்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

“மாப்ளே, இது நேர்காணலால வந்த வினை இல்லை. அங்கே நான் இருந்தேன்.”

“நீங்க இருந்தீங்க மச்சான். அதனாலதான் கேக்கறேன். வெளிநாடு போறேன்னு நான் எங்கேயாவது சொன்னேனா?”

“சொல்லவேயில்லை. பயணத் திட்டம் உண்டான்னு அதிகாரி கேட்டார். நீங்க இல்லைன்னீங்க. நானும் இல்லைன்னேன். மத்த மொழிபெயர்ப்பாளன்னா பாதியைத் தின்னுட்டு மீதியைத்தான் சொல்லுவான். நான் அப்படியா? அந்த அதிகாரியே அசந்துபோயிட்டார். எங்கே படிச்சீங்கன்னு கேக்கத்தான் வாயெடுத்தார், அதுக்குள்ள போன் வந்துடுச்சு.”

“அப்புறம் இந்தக் கடிதம் எப்படி வந்தது?”

“வெளியே வந்து யார்கிட்டயோ உளறியிருக்கீங்க. சலவைக்கடையில பத்துப் பேர் பக்கத்துல நிக்கறான். ஒருத்தன் போட்டுக் குடுத்திருப்பான்.”

“இஸ்திரி மெஷின் போடற சத்தத்துல நான் தும்மினாக்கூட எனக்கே கேக்காது மச்சான்!”

“வாயை அடக்கணும் மாப்ளே. பேச்சை அளந்து பேசணும்” என்று சொல்லி, அளக்காமல் முக்கால் மணி நேரம் பேசினார் தூதர். மனைவி பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். மீதிப் பேச்சை ஒற்றை ஷூவோடு உட்கார்ந்து கேட்டான் அவன்.

மூன்றாம் நாள் மூவரும் வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் பேசும் வக்கீல் ஊரில் அவள் ஒருத்திதான். அதனால் மேசைமேல் கோப்புகளுக்கு நடுவே அவள் முகம் தெரிவதே பெரிய காரியம்.

“யாரும் போட்டுக் குடுக்கலை. நேர்காணல் பதிவோட நகலை வாங்கிட்டேன். நீங்களேதான் சொல்லியிருக்கீங்க” என்றாள் வக்கீலம்மா.

“நானா?”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் தூதர், டையைச் சரிசெய்தபடி.

மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் இஸ்திரியே போடலாம்.

“மேடம், என் மேல ஆணையா நான் அப்படிச் சொல்லலை!”

“கடைசிப் பக்கத்துல இருக்கு. கேளுங்க.” வக்கீலம்மா தாளைப் பார்த்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். “விண்ணப்பதாரர்: ‘நான் சென்று, திரும்பி வருவேன்.’ அதிகாரி: ‘எங்கே செல்கிறீர்கள்?’ விண்ணப்பதாரர்: ‘சொந்த இடத்துக்கு.’ அதிகாரி: ‘எப்போது?’ விண்ணப்பதாரர்: ‘இப்போதேதான்.’ அதிகாரி: ‘தனியாகவா?’ விண்ணப்பதாரர்: ‘இல்லை, மச்சானும் கூட வருகிறார்.’ இதுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது?”

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கணவன் மெதுவாகத் தூதர் பக்கம் திரும்பினான்.

“ஏன் மச்சான், எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பறப்ப, மரியாதைக்கு அந்த அதிகாரிகிட்ட ‘போயிட்டு வரேன் சார்’னு சொன்னேனே… அதையுமா மொழிபெயர்த்தீங்க?”