எட்டாம் நம்பர் பொட்டு

"மூணு மீட்டரா? கார்ல ஏற்கெனவே இருக்கறது பத்தாதா?" என்று கேட்டாள் புனிதா.

"அது வேற, இது வேற. ஒண்ணு ஆயில் பிரஷர், ஒண்ணு ஆயில் சூடு, இது பூஸ்ட்." அவள் கணவன் முகுந்தன் ஒவ்வொன்றையும் செல்லமாகத் தொட்டுக் காட்டினான். "சூப்பர்சார்ஜர் எவ்ளோ காத்த எஞ்சினுக்குள்ள தள்ளுதுன்னு இந்த ஊசி சொல்லும். கால அமுக்க அமுக்க ஏறும்லா!"

புனிதா பயந்ததே அந்தக் காலுக்குத்தான். ரந்தாவிலிருந்து நீலாய் பேக்டரிக்குத் தினமும் அவளை இந்தக் காரில்தான் கொண்டுபோய் விடுகிறான். செம்பனைக்காட்டு நேர் ரோடு வந்துவிட்டால் ஊசியை ஏற்றிப் பார்க்காமல் அவன் கால் சும்மா இருக்காது. போன வாரம் ஒரு மாட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. மாடே மிரண்டுபோய்க் காட்டுக்குள் ஓடிவிட்டது.

மாமியார் லெட்சுமியாவது கண்டிப்பாள் என்று பார்த்தால், அவள் அதற்கு மேல்.

"விடும்மா, ஆசப்பட்டுட்டான். வெள்ளிக்கெழம பூச போட்டுடலாம்."

"மீட்டருக்கா அத்தை?"

"புதுசா எது மாட்டுனாலும் பூசதான்."

அதோடு விட்டாளா? மீட்டர் மாட்டிய மெக்கானிக் சத்தியசீலனுக்கு ஒரு டப்பா உளுந்து வடை கொண்டுபோய்க் கொடுத்து, அரை மணி நேரம் கதை பேசிவிட்டு வந்தாள். பெற்ற பிள்ளை சாகத் துணிகிறான், இவளுக்கு வடை ஒரு கேடா என்று புனிதா பொருமினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. சேலைக்கு ஊக்கு கிடைக்கவில்லை, நெயில் பாலிஷைக் காணவில்லை, பூவும் வாடிப்போயிருந்தது. வாசலில் லெட்சுமி காருக்குள் சாம்பிராணியைப் போட்டு ஒரே புகை மண்டலமாக்கியிருந்தாள். எல்லாரும் இருமிக்கொண்டே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

புகை அடங்கியபோது மூன்று மீட்டரிலும் சுற்றிச் சந்தனம், நடுவில் சிவப்பாகப் பொட்டு. பூஸ்ட் மீட்டரில் மட்டும் பெரிய பொட்டு, எட்டாம் நம்பரிலிருந்து கடைசி வரைக்கும்.

"மா! எட்டுக்கு மேல ஒண்ணுமே தெரியல!"

"அது அம்மன் பொட்டுடா. ஊசி அதத் தொடக் கூடாது. தொட்டா அவளுக்குக் கோவம் வரும்."

"இது சைன்ஸ் மா! சாமிக்கு என்னா தெரியும் பூஸ்டப் பத்தி?" என்று சிரித்த முகுந்தன், புனிதாவின் காதில் கிசுகிசுத்தான். "ஞாயித்துக்கெழம என் கூட்டாளி சசிதரனோட ரேஸ். அதுக்கு முன்னாடி தொடச்சிடுவேன்."

புனிதா அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு காலை காரில் அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"போனா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

நேர் ரோட்டில் பக்கத்தில் நின்ற காரிலிருந்து சசிதரன் ஹார்ன் அடித்தான். முகுந்தன் துணியை எடுத்தான். ஆயில் பிரஷர் பொட்டு ஒரே இழுப்பில் போனது. ஆயில் சூடும் போனது. பூஸ்ட் மீட்டரில் சந்தனம் போனது, சிவப்பு போகவில்லை.

தண்ணீர் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் தேய்த்தான். அசையவில்லை.

"புனி... இது மட்டும் போவ மாட்டேங்குது."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்துப் புனிதாவும் மீட்டரிடம் குனிந்தாள். மற்ற இரண்டும் போய் இது மட்டும் எப்படி நிற்கிறது?

"என்னாலா, பயமா?" என்று இறங்கி வந்த சசிதரன் தானும் தேய்த்துப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அன்று இரண்டு கார்களும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, மாப்பிள்ளை ஊர்வலம் போல வீடு திரும்பின.

அதற்குப் பிறகு ஊசி நாலைத் தாண்டவில்லை. காய்கறி லோரிகூட ஹார்ன் அடித்து முந்திப் போனது. புனிதா இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போய் சூப்பர்வைசரிடம் சந்தோஷமாகத் திட்டு வாங்கினாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்து மீட்டருக்கு சூடம் காட்டிவிட்டு, மகனுக்கு வரன் அமைய வேண்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சமையலறை ஜன்னல் வழியாகப் புனிதா பார்த்தாள். சைன்ஸ் பேசியவன் வேட்டி கட்டிக்கொண்டு காரை மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தான்.

"அத்தை, ஒங்கள நான் மனசுக்குள்ள எவ்ளோ ஏசியிருக்கேன் தெரியுமா? மன்னிச்சிடுங்க. அம்மன் சக்திய இப்ப நானே நம்புறேன்."

லெட்சுமி வெளியே எட்டிப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கடுகு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

புனிதாவின் சிவப்பு நெயில் பாலிஷ். காலி.

"வாட வரக் கூடாதுன்னுதான் அவ்ளோ சாம்பிராணி போட்டேன். எட்டுக்கு மேல போனா ஆபத்துன்னு சத்தியசீலன் சொன்னான், வடைய தின்னுட்டு." லெட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவ பாசாருக்குப் போனா இதே செவப்புல ரெண்டு வாங்கிக்கம்மா. அம்மனுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு."