வாசல் நிலையில் பழுப்பு

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூத வெறுப்பால் ஒரே இரவில் எரிக்கப்பட்ட யூத ஜெப ஆலயங்களைச் செல்மா வரைந்துவந்தாள். இம்முறை பாட்டனாரின் ஊர் ஆலயம். உள்ளே போகிறவர்கள் யூத வீடுகளில் போலவே வாசல் நிலையில் பதித்திருக்கும், வேத வசனச் சுருள் அடங்கிய சிறு பேழையைத் தொட்டு, விரலை முத்தமிடுவார்கள். ஓவியத்தில் அந்த இடத்துப் பழுப்பு வண்ணம் மட்டும் தினமும் காலையில் தேய்ந்திருந்தது.

தொலைபேசியில் தம்பி சிரித்தான். “காயறதுக்குள்ள நீயே கை வெச்சிருப்பேக்கா.”

“நான் வைக்கலடா.”

“அப்ப யாராவது வந்திருப்பாங்க.”

“என் வீட்டுக்கு யாருடா வரா?”

வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும் இரவு உணவுக்குத் தனக்கு மட்டும் ஒரு சின்ன ரொட்டி வாங்கித் திரும்பியவள், தன் வீட்டு நிலையிலிருந்த பேழையைத் தொட்டு, விரலை உதட்டருகே கொண்டுபோனாள். விரலெல்லாம் ஈரப் பழுப்பு. நிலையின் கீழே, குழந்தைக்கு எட்டும் உயரத்திலும் ஒரு பழுப்பு விரல் தடம் இருந்தது.

செல்மா கதவைத் திறக்கவில்லை. இன்னும் ரொட்டி வாங்கக் கடைக்குத் திரும்பி நடந்தாள்.