விட்டு விட்டுக் கேட்ட பாட்டு

மாமியாரோடு கதைப்பதைப் பிரேமினி போன மாரிகாலத்திலேயே நிறுத்திவிட்டாள்.

ஊர்காவற்றுறையில் அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். அவளும் மாமியார் மாக்கிறேற்றும். கணவன் ஜெகதீஸ் பிரான்சில். ஆனால் வீட்டில் காலையில் கதைத்தது பின்னேரமே அவனுக்குத் தெரிந்திருந்தது.

சிநேகிதி அனோஜினி ஒருநாள் வந்து ஹோலில் இருந்து, புருசன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று சொல்லி அழுதாள். அடுத்த நாள் போனில் ஜெகதீஸ், அவளை இனி வீட்டுக்குள் எடுக்க வேண்டாம் என்றான். விசா இழுபட்டுக்கொண்டே போகிறது, காத்திருந்து அலுத்துப்போச்சு என்று பிரேமினி அனோஜினியிடம் ஒருநாள் போனில் வாய்விட்டாள். அதையும் கேட்டான்.

"அலுத்துப்போச்சோ உனக்கு?"

மாமியாரை விட்டால் வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

பிரேமினி நேராகவே போய்க் கேட்டாள். மாக்கிறேற் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போனார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றிலிருந்து தனிச் சமையல். மாதா கோயில் வளவில் பாட்டுக்குழுப் பெண்கள் எல்லாருக்கும் கேட்கவே, "எங்கட வீட்டுக் கோள்காரி" என்றாள். பிறகு மாக்கிறேற் பூசைக்கு வந்தால் கடைசி வரிசை வாங்கில் தனியே இருப்பார்.

இப்போது மாதா பெருநாள் கிட்டி வந்துவிட்டது. பிரேமினி தானே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று. பெருநாளுக்கு முன் பதிந்து கொடுப்பதாகச் சுவாமியாரிடம் சொல்லியிருந்தாள். பதியத்தான் முடியவில்லை.

கொம்பியூட்டரும் மைக்கும் ஜெகதீஸ் வாங்கித் தந்தவை. கடைசியாக, போன மாரிகாலத்துக்கு முன் லீவில் வந்தபோது, ஹோலில் ஒரு மூலையில் எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்திப் பூட்டினான். நீ பாடவேணும், உன் குரலை உலகம் கேட்கவேணும் என்றான். அதைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள்.

பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் குரல் விட்டு விட்டு வரும். 'மாதாவே' என்று பாடினால் 'மா... வே' என்று கேட்கும். ஜெகதீஸிடம் சொன்னாள். வயரை மாற்று என்றான். மாற்றினாள். அப்படியே இருந்தது. அப்படியென்றால், அடுத்த முறை தானே வந்து பார்ப்பதாகவும், வெளி ஆட்களிடம் காட்ட வேண்டாம் என்றும் சொன்னான்.

பெருநாள் அவன் லீவு வரும்வரை காத்திருக்காது. வேலணையில் ஒலிப்பதிவு செய்யும் நிருபனை, கணவனுக்குச் சொல்லாமலே கூப்பிட்டாள்.

நிருபன் மைக்கை வேறு துவாரத்தில் பூட்டிப் பார்த்தான். சரிவரவில்லை. பாட்டுப் பதியும் மென்பொருளில் சில எண்களைக் கூட்டிக் குறைத்தான். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் வைஃபையை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னான். ஒரு எழுத்துக்கூட விழவில்லை. திரும்பப் போட்டான். திரும்பவும் 'மா... வே'.

இன்ரநெற்றை நிறுத்திவிட்டுப் பாடுங்கோ என்று சொல்லி அவன் எழும்பியிருக்கலாம். ஆனால் ஒன்றுமே திறக்காதபோதும் கொம்பியூட்டர் எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வைரஸாக்கும் என்று தேடினான். தேடிக்கொண்டு வந்தவன் ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டான்.

"என்ன தம்பி?"

"அக்கா, இதுக்குள்ள ஒண்டு ஒளிச்சிருந்து ஓடுது. இஞ்சை கதைக்கிறதெல்லாத்தையும் மைக்கால எடுத்து ஒரு இமெயிலுக்கு அனுப்புது. அதுவும் மைக்கை இழுக்க, நீங்களும் பாட, அதுதான் குரல் அறுந்து அறுந்து வருது. இன்ரநெற் இல்லாட்டி அது ஓடாது."

"ஆரின்ரை இமெயில் அது?"

நிருபன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஜெகதீஸின் பெயர் இருந்தது.

கொம்பியூட்டரை ஒருநாளும் ஓஃப் பண்ணாதை, பழுதாய்ப்போகும் என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் ஒருநாளும் ஓஃப் பண்ணவில்லை.

"அதை அழிச்சுவிடும் தம்பி," என்றாள்.

அவன் அழித்தான். ஒரு அடி பாடிப் பார்க்கச் சொன்னான். தெளிவாகப் பதிந்தது. அவள் அதைப் போட்டுக் கேட்கவும் இல்லை. நிருபனும் அவள் முகத்தைப் பார்க்காமலே மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஜெகதீஸ். வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்காதவன். அடித்து ஓயும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு குசினிக்குப் போனாள். மாக்கிறேற் பலகையில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாசற்படியிலேயே நின்று சொன்னாள்.

"மாமி... நீங்கள் இல்லை. அவர்தான் அந்தக் கொம்பியூட்டருக்குள்ளால எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்."

மாக்கிறேற் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் பிள்ளை. ஒருநாள் என்னட்டை வாய் தவறிச் சொல்லிப்போட்டான். உந்த வேலையை விடு எண்டு எவ்வளவோ சொன்னனான். கேக்கேல்லை."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும்..." பிரேமினி கிட்ட வந்தாள். "நான் ஊருக்கு முன்னால உங்களைக் கோள்காரி எண்டனான். அப்பகூட ஏன் மாமி சொல்லேல்லை?"

மாக்கிறேற் கத்தியை வைத்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை வெறுத்தால் கதையாமல் எண்டாலும் இந்த வீட்டிலை இருப்பீர். அவனை வெறுத்தால் எழும்பிப் போயிடுவீர் எல்லோ, பிள்ளை."